ஹந்தானைக்கு மேலே வெளிச்சம்

போன மாதம் ஒருநாள் பொழுதுபட்ட கையோடு, ஹந்தானை மலைக்கு மேலே வெளிச்சங்கள் கோர்த்த மாலைபோல் வரிசையாக ஊர்ந்தன. சத்தமே இல்லை. "பறக்கும் தட்டு" என்று எங்கள் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஆளுக்காள் போனில் படம் அனுப்பினார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வரவில்லை. 2009இல் முல்லைத்தீவில் எல்லாம் கண்டவர். வெளிச்சம் என்றதும் பரா வெளிச்சம்தான் ஞாபகம் வந்ததாம். பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

அவை ஸ்டார்லிங்க் செய்மதிகள், சகோதரிகளே. 2019 மே மாதம் முதல் தொகுதியில் 60 ஏவினார்கள். ஏவிய புதிதில் வரிசையாகப் போகும். சூரிய ஒளி பட்டு மின்னும்.

கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கே 1964இல் நியூயோர்க்கில் ஒரு வெளிச்சத்தைக் கண்டு மலைத்துப்போனார். விசாரித்தால் அது எக்கோ என்ற செய்மதி! எத்தனை மணி, எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்று குறித்துவைத்தால்தான் பிறகு விசாரிக்கலாம். எங்கள் தெருவில் ஒருவரும் குறிக்கவில்லை.

அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "இனிக் கண்டால் முதல் எனக்கு வந்து சொல்லுங்கோ. பிறகு ஊருக்குக் கத்துங்கோ."