குறைப்பது எவருடைய கூலி?

சென்னையிலிருந்து வரும் நம்மவர் பலர் இறங்கும் சாந்த்ராகாச்சியில் புறநகர் ரயிலேறிப் பாலிச்சக்கில் இறங்கினால், பிங்ளா வட்டாரத்து நயா கிராமத்தை அடையலாம். 2010-இல் அங்கே 'பட் மாயா' திருவிழா தொடங்கியது. பட்டுவா ஓவியர்கள் தத்தம் வீட்டு வாசலிலேயே படச்சுருளை விரித்து, கதையைப் பாடிக்காட்டி விற்கின்றனர். இலை, பூ, விதைகளிலிருந்து வண்ணத்தையும் தாமே எடுக்கின்றனர். வங்காளப் படச்சித்திரத்துக்கு 2018-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அங்காடிகளில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், இவர்களிடம் மட்டும் பாதி விலைக்குக் கேட்பது முறையா? இடைத்தரகர் இல்லாத வாசலில் நாம் குறைப்பது வரைந்தவரின் கூலியையே. ஆகவே சொன்ன விலையைக் கொடுப்போம். இயன்றவரை அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்துவோம். அந்த வரவுப் பதிவு, நாளை அவர் கடன் கேட்கும்போது அவருக்காகப் பேசும்.