ஒற்றைக்கண் கார்

சில மாதங்களுக்கு முன் ஆட்டையாம்பட்டியில் உறவினர் வீட்டு விசேஷம். போனவர்கள் நேரத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் ஆட்டையாம்பட்டிக்குப் போய்விட்டுக் கைமுறுக்கு வாங்காமல் திரும்ப என் மனைவி சம்மதிக்க மாட்டாள். முறுக்குக் கடையில் நின்று, பேசி, பொட்டலம் கட்டி வண்டியை எடுக்கும்போது மணி ஏழரை. வெண்ணந்தூர் வழியாக ராசிபுரம் திரும்ப வேண்டும். இருவழிச் சாலை, நடுவில் தடுப்பு கிடையாது.

என் காரில் வலது பக்க ஹெட்லைட் எரியவில்லை. அது எனக்குத் தெரியும். எட்டு நாளாகத் தெரியும். மெக்கானிக் ஊரில் இல்லை, வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். முப்பத்து நான்கு வருடம் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு ஒரு வேலையை நிலுவையில் வைப்பது ஒன்றும் புதிதல்ல.

எதிரே மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று மெதுவாக வந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு சிறிய சரக்கு வண்டி வெளியே எடுத்து, முந்திக்கொண்டு நேராக எங்களைப் பார்த்து வந்தது. நான் பிரேக்கை மிதித்து இடது பக்கம் மண்ணில் இறக்கினேன். அவனும் கடைசி நொடியில் ஒடித்தான். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். முறுக்குப் பொட்டலம் தரையில் சிதறியது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

அந்தப் பையன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். திட்டத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஐயா, அடி கிடி பட்டுச்சுங்களா? பைக்குன்னு நெனச்சுத்தானுங்க ஏறுனேன். ஒத்த லைட்டுத்தானுங்களே தெரிஞ்சுது.”

அவன் சொன்னதில் தப்பே இல்லை. நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். காரின் வலது விளக்குத்தான் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி இருப்பது. அது அணைந்துவிட்டால் எதிரே வருபவன் கண்ணுக்குத் தெரிவது ஓரத்தில் இருக்கும் இடது விளக்கு மட்டும். ஓரமாக ஒரு பைக் வருகிறது, நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது என்றுதான் கணக்குப் போடுவான். அவன் இடம் என்று நினைத்ததில் நான் உட்கார்ந்திருந்தேன். போதாக்குறைக்கு, 2017 ஏப்ரல் முதல் வரும் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் விளக்கு தானாக எரிகிறது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒற்றை விளக்கு என்றால் பைக் என்று நம் எல்லோர் கண்ணும் இன்னும் உறுதியாகப் பழகிவிட்டது.

பிரெஞ்சில் இப்படி ஒரு விளக்கோடு ஓடும் வண்டியை ‘பொர்ஞ்’ என்பார்கள். ஒற்றைக்கண் என்று பொருள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஹெட்லைட்டுக்கு அந்த மொழியில் ‘ஃபார்’ என்று பெயர். கலங்கரை விளக்கத்துக்கும் அதே சொல்தான். கடற்கரைச் சாலையில் 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. அந்த விளக்கு கப்பலுக்குள் இருப்பவன் புத்தகம் படிப்பதற்காக அல்ல. இங்கே கரை இருக்கிறது என்று தூரத்தில் வருபவனுக்குச் சொல்வதற்காக. கார் விளக்கும் அப்படியே. நமக்குப் பாதை தெரிந்தால் போதும் என்று நினைக்கிறோம். எதிரே வருபவனுக்கு நாம் எவ்வளவு அகலம் என்று தெரிய வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். என் எட்டு நாள் தாமதத்துக்கு இந்த மறதிதான் காரணம். எனக்கு ஒரு விளக்கிலேயே பாதை தெரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் எழுத்தருக்குத் தூக்கம் வராது. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-ஆவது விதி விளக்குகளைப் பற்றியது. சூரியன் மறைந்து அரை மணி கழிந்தால் விளக்கு எரிய வேண்டும். முன்னால் 155 மீட்டர் தூரம் வரை ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும். 155 மீட்டர் நிறைய தூரம் போலத் தோன்றும். இருவரும் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால் அந்த தூரம் ஐந்து நொடிக்குள் தீர்ந்துவிடும்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன். நாமக்கல் லாரியில் முப்பது வருடம் நாக்பூர் லைன் ஓட்டியவர். அந்த நாளில் அந்தச் சாலைக்கு ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர், இப்போது 44. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “ஒரு பல்பு மாத்தறதுக்கு மெக்கானிக்குங்களா சார்? நானெல்லாம் பழைய சாக்ஸுக்குள்ள ரெண்டு பல்பு சுத்தி வெச்சிருப்பேன். நடுக்காட்டுல எவன் வருவான்?”

அவரை நிற்க வைத்துக்கொண்டு நானே மாற்றினேன். எழுபது தாண்டிய விரலுக்கு அது கால் மணி நேர வேலை. எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

என் கார் போன்ற சாதாரண வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் எச்4 என்ற ஹாலஜன் பல்பு. 12 வோல்ட், 60/55 வாட். ஒரே பல்புக்குள் இரண்டு இழை. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. வண்டியை அணைத்து, விளக்கையும் அணைத்து, பத்து நிமிடம் ஆற விட வேண்டும். பானெட்டைத் திறந்தால் ஹெட்லைட்டின் முதுகில் மூன்று ஒயர் போகும் கப்ளர் இருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் கப்ளரைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். அடுத்து ரப்பர் மூடி. அதன் காதைப் பிடித்து உரித்தால் வந்துவிடும். உள்ளே ஒரு கம்பிக் கொக்கி. அழுத்தி விலக்கினால் பல்பு கையில் வரும்.

புதியதை எடுக்கும்போதுதான் அவர் பதறினார். “கண்ணாடியைத் தொட்டுப்போடாதீங்க சார்!” காரணம் இருக்கிறது. ஹாலஜன் பல்பு எரியும்போது அதன் குவார்ட்ஸ் கண்ணாடி கடுமையாகச் சூடாகும். நம் விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் மிகையாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். அடியில் உள்ள உலோகப் பகுதியைப் பிடிக்க வேண்டும். தவறித் தொட்டுவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிட்டால் போதும். பல்பில் மூன்று காது இருக்கும். அது ஒரு விதமாகத்தான் உட்காரும், திணிக்கக் கூடாது. பிறகு கொக்கி, ரப்பர் மூடி, கப்ளர். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் மழை நீரும் தூசியும் உள்ளே போகும்.

முடிந்ததும் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி டிம், பிரைட் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் எரியவில்லை என்றால் குற்றம் பல்பில் இல்லை. பியூஸ் அல்லது ரிலேயைப் பார்க்க வேண்டும். கப்ளர் உருகிக் கறுத்திருந்தால் அதை எலக்ட்ரீசியனிடம்தான் காட்ட வேண்டும். ஒரு பக்க பல்பு ஆயுள் முடிந்து போனால் மறுபக்கமும் அதே வயதுதான். இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிம் இழை மட்டும் போய்விட்டால் பலர் பல்பை மாற்றுவதில்லை, பிரைட்டிலேயே ஓட்டுகிறார்கள். தங்களுக்கு வெளிச்சம் கிடைக்கிறது, எதிரே வருபவன் குருடாகிறான். 60/55 போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போடுகிறவர்களும் உண்டு. ஐந்து ஆம்பியர் போகும் ஒயரில் எட்டு ஆம்பியருக்கு மேல் போனால் கப்ளர் உருகாமல் என்ன செய்யும்? ஹாலஜனுக்காகச் செய்த விளக்குக்குள் வெள்ளை எல்.இ.டி. பல்பை மாட்டுவதும் இதே கதை. ஒளி புறப்படும் இடம் மாறிவிடுவதால் வெளிச்சம் சாலையில் விழாமல் நாலாபுறமும் சிதறும். என் வயதுக்காரர்களுக்கு இது கொடுமை. கண்ணின் லென்ஸ் மங்கத் தொடங்கியவர்களுக்கு எதிர் வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறி, சில நொடிகள் சாலையே தெரியாது.

சிறுவயதில் புதுச்சேரியில் சில பிரெஞ்சுக் கார்களின் விளக்கு மஞ்சளாக எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பிரான்சில் 1936-ல் போட்ட சட்டம் அது. மஞ்சள் வெளிச்சம் எதிரே வருபவன் கண்ணைக் குறைவாகக் கூசச் செய்யும் என்று நம்பினார்கள். 1993-ல்தான் ஐரோப்பா முழுவதற்கும் ஒரே விதி என்று அதைக் கைவிட்டார்கள். அந்த நம்பிக்கை சரியா தவறா என்பதை விஞ்ஞானிகள் பேசட்டும். எதிரே வருபவனின் கண்ணை நினைத்து ஒரு நாடு சட்டம் போட்டதே, அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

என் நண்பர் ஒருவர் கேட்டார்: “இந்த வயதில் பானெட்டுக்குள் கையை விடணுமா? மெக்கானிக்கும் பிழைக்க வேண்டாமா?” நியாயமான கேள்விதான். ஆனால் எந்த மெக்கானிக்கும் பல்பு மாற்றிப் பிழைக்கவில்லை. எங்கள் மெக்கானிக் இதற்குப் பெரும்பாலும் கூலியே வாங்குவதில்லை. பிரச்சினை காசல்ல, காத்திருக்கும் அந்த எட்டு நாள். பல்பு வீட்டிலேயே இருந்து, மாற்றத் தெரிந்திருந்தால் அந்த எட்டு நாள் கால் மணி நேரமாகச் சுருங்கியிருக்கும்.

எல்லா வண்டியிலும் இது முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சில கார்களில் பேட்டரி மறைக்கிறது, சிலவற்றில் பம்பரையே கழற்ற வேண்டும், எல்.இ.டி. விளக்கோடு வரும் வண்டிகள் பலவற்றில் பல்பு என்று தனியாக எதுவுமில்லை, போனால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். கார் வாங்கப் போகும்போது மைலேஜ், கலர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் கேட்கிறோம். “ஹெட்லைட் பல்பு போனால் நானே மாற்ற முடியுமா?” என்று ஒருவராவது கேட்டதுண்டா? நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் செய்கிறவர்களும் யோசிப்பார்கள்.

பிரான்சில் ஓட்டுநர் உரிமத் தேர்வின்போது வண்டிச் சோதனை பற்றியும் கேட்கிறார்கள். விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் காட்டு என்பார்கள். அங்கே இருக்கும் என் அக்கா மகன் அதைச் சொன்னபோது, பரீட்சைக்கு இதையெல்லாமா கேட்பார்கள் என்று சிரித்தேன். இப்போது சிரிக்கவில்லை. நம் ஊரிலும் எட்டுப் போடச் சொல்லும்போது கூடவே இதையும் கேட்டால் என்ன?

இந்தச் சேலம், நாமக்கல் பக்கம் இரவில் ஓடாத வண்டி இல்லை. முட்டை லாரி, கேஸ் டேங்கர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி, சங்ககிரி லாரி என்று எல்லாம் பொழுது சாய்ந்த பிறகும் ஓடுகின்றன. அவர்கள் நடுவே நாமும் முறுக்கு வாங்கிக்கொண்டு போகிறோம். அந்தப் பையன் கடைசி நொடியில் ஒடிக்காமல் இருந்திருந்தால் ஊரே அவனைத்தான் குற்றம் சொல்லியிருக்கும். கேஸும் அவன் மேல்தான். எட்டு நாளாக அந்த விளக்கை நான் நிலுவையில் வைத்திருந்தது எந்தக் காகிதத்திலும் வந்திருக்காது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது என் டேஷ்போர்டில் பழைய சாக்ஸில் சுற்றிய இரண்டு பல்பு இருக்கிறது. மாலையில் வண்டி எடுக்கும் முன் போர்ட்டிகோ சுவரைப் பார்க்கிறேன். நீங்களும் இன்று பாருங்கள். சுவரில் இரண்டு வெளிச்சம் தெரிந்தால் கிளம்பலாம். ஒன்றுதான் தெரிகிறது என்றால் முதலில் பானெட்டைத் திறங்கள்.