‘ஊமைச்சி’ ஒரு பெயரல்ல

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நேரம். கணக்கப்பிள்ளை கிலோவைச் சத்தமாகச் சொல்லிப் பதிகிறார். வரிசையில் ஒருத்தி அவர் வாயையும் தராசையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பின்னால் நிற்பவள் தோளைத் தட்டி விரல் காட்டினால்தான் அவளுக்குத் தன் கணக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழில் அவளுக்கு அழகான பெயர் இருக்கிறது. லயத்திலோ அவள் ‘ஊமைச்சி’.

கெட்ட எண்ணத்தில் அப்படிக் கூப்பிடுவதில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் பெயரால் படும் காயம் மலையகத்துக்குத் தெரியாததா? 1948இல் குடியுரிமை பறிபோனது. ‘கள்ளத்தோணி’, ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சுகளைக் கேட்டோம். எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். ‘மலையகத் தமிழர்’ என்று நமக்கு நாமே பெயர் வைத்து, அதை மற்றவர்களை ஏற்க வைக்கப் போராடிய நாமே இன்னொருவரின் பெயரை அழிக்கலாமா?

சாதி, மதம், தாய்மொழி எல்லாம் வீட்டிலிருந்து வருபவை. காது கேளாத பிள்ளைகளின் மொழியும் அடையாளமும் அப்படியில்லை. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினால் அம்மா மலைக்குப் போகிறாள், கையை வாயருகே கொண்டுபோனால் சோறு. இப்படிச் சில சைகைகளோடு வீட்டுப் பேச்சு முடிந்துவிடும். தன்னைப் போன்ற இன்னொருவரை அந்தப் பிள்ளை முதலில் காண்பது பெரும்பாலும் விசேட பாடசாலையில்தான். பெரிய பிள்ளைகளின் கைகளைப் பார்த்தே மொழி பிடிபடும். அங்கேதான் சைகைப் பெயரும் கிடைக்கும்: கன்னக்குழியை வைத்தோ, நெற்றித் தழும்பை வைத்தோ, கூட்டாளிகள் சூட்டுவது. ‘நான் யார்’ என்பதற்கு அதுவே முதல் விடை.

காது கேளாதோருக்கான இரத்மலானைப் பாடசாலை 1912இல் தொடங்கியது, கைதடி நஃபீல்ட் பாடசாலை 1956இல். ஹட்டனிலிருந்து ஒன்று கொழும்புப் பக்கம், மற்றது யாழ்ப்பாணம். நாட்சம்பளக் குடும்பம், அதிலும் பெண் பிள்ளையை, அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்குவதைக் குறைசொல்ல முடியாது. அனுப்பினாலும், படித்துத் திரும்பும் பிள்ளையின் மொழியை லயத்தில் அறிந்தவர் யார்?

காதுக்குக் கருவி போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கருவியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது மொழிக்கு மாற்றாகாது. சைகை பழகினால் பேச்சு வராது என்ற பயமும் பழையது. 1880இல் காது கேளாதோர் கல்விக்கான மிலான் மாநாடு அந்த நம்பிக்கையில்தான் வகுப்பறையிலிருந்து சைகையைத் துரத்தியது. தவறு என்று அதன் வழிவந்த மாநாடு வன்கூவரில் வருந்தியது 2010இல். 130 ஆண்டுகள்!

மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. காது கேளாதோரின் மொழி அடையாளத்தை வளர்க்கும்படி அதன் 24ஆவது உறுப்புரை சொல்கிறது. அதன்படி ஹட்டன், நுவரெலியா கல்வி வலயங்களில் தமிழோடு சைகை மொழியும் கற்பிக்கும் வகுப்புகளை உறுதிசெய்ய வேண்டும். காது கேளாத பெரியவர்களையே அங்கே ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். பிள்ளைக் காம்பராவிலேயே செவிப் பரிசோதனையும், தாய்மாருக்குச் சைகைப் பயிற்சியும் தொடங்க வேண்டும். சம்பளப் பேச்சுக்கு உட்காரும் தொழிற்சங்கங்கள் இதையும் மேசையில் வைக்கட்டும்.

பக்கத்துக் காம்பராக்காரர்களே, நீங்கள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் சைகைப் பெயர் என்னவென்று இன்று மாலையே கேட்டுப் பழகுங்கள்.