தலை எண்ணும் வியாதி

குவாண்டம் கம்ப்யூட்டர் செய்தி என்றாலே தலைப்பில் ஓர் எண் இருக்கும். 2023 டிசம்பரில் ஐ.பி.எம். 1,121 க்யூபிட் சிப்பை அறிவித்ததும் அப்படித்தான். எண்ணிக்கை சரி, அதுங்க எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரே சமயத்தில் 0, 1 இரண்டுமாக இருக்கும் க்யூபிட்டின் நிலை, சுற்றுப்புறத்தின் சின்னத் தொந்தரவிலேயே கலைந்துவிடும். இதுதான் டிகோஹரன்ஸ். கணக்கு பாதியில் கோவிந்தா.

'அப்படியானால் அசையாமல் வை' என்பீர்கள். எப்போதும் அது சரியில்லை. திருவிழாக் கடைத்தெருவில் ஒரே ஸ்பீக்கர் முன்னால் நின்றால் அந்தப் பாட்டு மண்டைக்குள் ஏறிவிடும். வேகமாக நடந்தால் எதுவும் ஒட்டாது. ஜெர்மனியின் ஆஹன் விஞ்ஞானிகள் சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை நகர்த்திப் பார்த்து 2024-ல் எழுதினார்கள்: தூரம் கூடக்கூட அதன் ஸ்பின் அதிக நேரம் தாங்கியது. வழியில் தொந்தரவு ஓரிடத்தில் கூடுதல், ஓரிடத்தில் குறைவு, ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகிறது. திரவங்களின் மூலக்கூறுகள் விஷயத்தில் 1948-லேயே தெரிந்த சங்கதிதான்.

இந்தக் கேள்வி நமக்கும் உண்டு. 2023-ல் மத்திய அரசு 6,003 கோடி சொச்சத்துக்கு ஒப்புதல் தந்த குவாண்டம் திட்டத்தின் இலக்கிலும், எட்டு வருஷத்தில் 50 முதல் 1,000 க்யூபிட் என்று தலை எண்ணல்தான் முன்னால் நிற்கிறது. நம் வரிப்பணம். அடுத்த முறை யாராவது எண்ணிக்கை சொன்னால் கைதட்டாதீர்கள். 'எவ்வளவு நேரம் தாங்கும்?' என்று கேளுங்கள்.