முக்காட்டுக்காக வழக்காடிய இலாகா



நீதித்துறை என்றதும் நம் நினைவுக்கு வருவது நீதிமன்றம். அமெரிக்காவின் நீதி இலாகாவோ நீதிமன்றம் அன்று. குற்ற வழக்குகளில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கில்லை. அது, அரசாங்கத்தின் சார்பில் வழக்காடும் அமைச்சகம். குற்றங்களைப் புலனாயும் எஃப்.பி.ஐ.யும், மத்திய அரசின் சிறைச்சாலைகளும் அதன்கீழ்தான் இயங்குகின்றன. பிடிப்பதும் வழக்குத் தொடுப்பதும் சிறையில் அடைப்பதும் ஒரே கை என்றால், அக்கையின் வலிமையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1789இல் ஏற்பட்டது தலைமை வழக்கறிஞர் என்ற பதவி மட்டுமே. இலாகா பிறந்தது 1870இல், கிராண்ட் ஜனாதிபதியாக இருந்தபோது. அடிமைத்தளை அறுந்த கறுப்பின மக்கள் வாக்களிக்கத் துணிந்தால், கு க்ளக்ஸ் கிளான் என்னும் முகமூடிக் கூட்டம் இரவில் வீடு புகுந்து சவுக்கால் அடித்தது; கொலையும் செய்தது. உள்ளூர் நீதிமன்றங்களில் இவர்களைத் தண்டிப்பார் அரிது. அவர்களை மத்திய அரசின் நீதிமன்றத்தில் நிறுத்தியவர் ஏமஸ் ஏக்கர்மன். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க எழுந்த தென்னாட்டுப் படையில் பணியாற்றிய அதே மனிதர்தாம் இவர்! 1871இல் தென் கரோலினாவில் நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். ஈராண்டு நிறையுமுன்பே ஏக்கர்மன் பதவி விலகினார். குடியுரிமைகளைக் காப்பதற்கென்று இலாகாவில் தனிப்பிரிவு தோன்ற 1957 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பிரிவு ஒரு முஸ்லிம் சிறுமிக்காக எழுந்து நின்ற கதை நம் இல்லங்கள் அறிய வேண்டியது. 2003 அக்டோபரில், ஓக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகி நகரில், ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி முக்காடு அணிந்து பள்ளிக்குச் சென்றாள். தொப்பியும் தலைக்கட்டும் கூடாதென்பது பள்ளியின் விதி. ரௌடிக் கூட்டங்களின் அடையாளங்களைத் தடுக்க வந்த விதி, பதினொரு வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்தது. இருமுறை அவள் பள்ளியிலிருந்து நீக்கி வைக்கப்பட்டாள். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2004 மார்ச்சில் நீதி இலாகா அவள் பக்கம் சேர்ந்து வழக்கில் நுழைந்தது. மே மாதத்திலேயே சமரசம் ஏற்பட்டது: அவள் முக்காட்டுடன் படிக்கலாம், பள்ளி நிர்வாகம் விதியையும் திருத்த வேண்டும்.

மகிழ்ச்சிதான். ஆயினும் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையன்று. அப்போது இலாகாவின் தலைவர் ஜான் ஆஷ்கிராஃப்ட். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், குடிவரவுச் சட்டத்தை மீறினார்கள் என்று 762 அயல்நாட்டவர் அடைக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். அவர்களுள் பெரும்பாலோர் அரபு நாடுகளையும் தெற்காசியாவையும் சேர்ந்தவர்கள். சில நாட்களில் முடியுமென்று எண்ணிய விசாரணைக்குச் சராசரியாக 80 நாட்கள் பிடித்தன. புரூக்ளின் சிறையில் சிலர் அடியும் ஏச்சும் பட்டனர். இவற்றை 2003இல் அறிக்கையாக வெளியிட்டவர், அதே இலாகாவுக்குள் இருக்கும் தலைமைக் கண்காணிப்பாளரே. தன் வீட்டுக் குறையைத் தானே எழுதி வெளியிடும் அலுவலகங்கள் உலகில் எத்தனை?

அடைபட்டவர்களில் சிலர் நஷ்டஈடு கேட்டு வழக்காடினர். 2017இல் உச்ச நீதிமன்றம் 4-2 என்ற கணக்கில், ஆஷ்கிராஃப்ட் முதலிய மேலதிகாரிகளிடம் நஷ்டஈடு கோர இடமில்லை என்றது. அத்தகைய உரிமையை வழங்குவது காங்கிரஸின் வேலை என்றும் சொல்லிற்று. அம்மேலதிகாரிகளுக்காக அங்கே வாதாடியவர் நீதி இலாகாவின் வழக்கறிஞர்.