மூலப்பத்திரம் கேட்கிறார்கள்

திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கொள்ளுத்தாத்தா வாங்கியது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வீட்டு வரி, தண்ணி வரி, கரண்ட் பில் எதுவும் பாக்கி இல்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் இது இன்னார் வீடு என்று சொல்வார்கள். ஆனால் மாடி ஒழுகுகிறது, ரிப்பேருக்கு லோன் வேண்டும் என்று பேங்க் படியேறினால் முதல் கேள்வியே, "மூலப்பத்திரம் இருக்கா சார்?"

இருக்கிறதே! பழுப்பேறி, மடிப்பெல்லாம் விட்டுப்போய், செல்லோ டேப் தயவில் நிற்கிறது. புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளலாம் என்று அழகாகத்தான் எழுதியிருக்கிறார்கள். சொத்து விவரத்துக்கு வாருங்கள். கிழக்கே தெரு. மேற்கே குதிரை லாயம். வடக்கே நாயக்கர் வீடு. லாயம் இருந்த இடத்தில் இன்றைக்கு பேச்சலர் மேன்ஷன். நாயக்கர் வீடு ஃப்ளாட்டாகி வருஷக்கணக்காகிறது. சரி, கதவு எண்ணாவது உதவுமா? சென்னையில் பழைய நம்பர், புதிய நம்பர் என்று இரண்டு எழுதுகிறோம் அல்லவா? பத்திரத்தில் இருப்பது அந்தப் பழைய நம்பருக்கும் முந்தைய நம்பர். அதுதான் இது என்று எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கை காட்டுகிறது. நம்பரை மாற்றியது நாங்களா? மாற்றியவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டாமா?

ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டோம். ஆன்லைனில் 1975-லிருந்துதான் வந்தது. எங்கள் வீட்டு விவகாரம் பூராவும் அதற்கு முந்தியதாயிற்றே! கிரயம், அடமானம், மீட்டது, சின்னத் தாத்தா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது எல்லாமே. மனு போட்டுக் காத்திருந்து, கையால் தேட வைத்தோம். பெரிய பழைய வால்யூமைத் தூக்கி வந்து போட்டார் ஊழியர். பக்கம் புரட்டப் புரட்ட ஓரம் பொடிப்பொடியாக மேஜையில் உதிர்கிறது. எழுத்தோடு சேர்ந்து உதிர்கிறது. அதைப் புறங்கையால் கீழே தள்ளிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, காலையிலிருந்து அவருக்கு இதே வேலை. ஆனால் என் வயிறு எரிந்தது. யார் வீட்டுப் பெயர் அந்தத் தூளில் போயிற்றோ?

விடுதலைப் பத்திரத்தின் அசல் எங்களிடம் இல்லை. முந்தைய அசல் பத்திரம் இல்லாமல் பதிவு கிடையாது, தொலைந்திருந்தால் பேப்பரில் விளம்பரம் கொடுத்து, போலீஸிடம் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று சர்டிஃபிகேட் வாங்கி வா என்று 2022-ல் ஒரு விதி வந்தது. அது செல்லாது என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பேங்க் வக்கீலிடம் சொன்னால், "அது ரிஜிஸ்ட்ரேஷனுக்கு சார், எங்களுக்கு அசல் வேணும்" என்கிறார். அப்புறம் தாத்தா பெயர். ஒரு பத்திரத்தில் இனிஷியல் ஒன்று, இன்னொன்றில் இரண்டு. ஒன்றில் சாதிப் பெயர் ஒட்டியிருக்கிறது, அடுத்ததில் இல்லை. இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் பண்ண வேண்டுமாம். அறுபது வருஷத்துக்கு முன்னால் போனவருக்கு வாரிசுச் சான்று கேட்டால், கோர்ட்டுக்குப் போங்கள் என்கிறார்கள். ரிப்பேர் செலவைவிட இந்தச் செலவு அதிகம்.

இத்தனை சிக்கலிலும் ஒருத்தருக்கு மட்டும் கவலையே இல்லை. பில்டர்! "டைட்டில் கிளியர் இல்லை, யாரும் வாங்க மாட்டான், நான் எடுத்துக்கிறேன்" என்று பாதி விலைக்கு வந்து நிற்கிறார். எங்களால் முடியாத பேப்பர் வேலையெல்லாம் அவருக்கு எப்படியோ முடிந்துவிடும். அப்புறம் ஜே.சி.பி. வரும். தேக்குத் தூணும் உத்திரமும் பழைய மரக்கடைக்குப் போகும். எங்கள் தெருவில் இப்படிப் போன வீடுகள் கொஞ்சமா?

பாரதி கடைசியாக வாழ்ந்த வீடு இதே திருவல்லிக்கேணியில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் இருக்கிறது. அரசாங்கம் அதை வாங்கி, புதுப்பித்து, 1993-ல் நினைவில்லமாகத் திறந்தது. மனசு வைத்தால் முடிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் தெரு முழுக்க இருக்கிற சாதாரண வீடுகளுக்கு யார் இருக்கிறார்கள்? பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க ஆணையம் அமைக்கும் சட்டம் 2012-ல் நிறைவேறி, நடைமுறைக்கு வந்தது 2024-ல். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் இடிந்ததை யார் கட்டித் தருவார்கள்?

ரொம்பப் பெரிதாகவா கேட்கிறோம்? மிச்சமிருக்கிற வால்யூம்களை உதிர்ந்து தீருவதற்குள் ஸ்கேன் பண்ணுங்கள். மூன்று தலைமுறைக் கதவு எண்களையும் ஒரே பட்டியலில் போடுங்கள். சின்னத் தாத்தா பெண், எங்கள் அத்தை, எண்பதைத் தாண்டியவர். அந்த விடுதலைப் பத்திரத்தில் தன் அப்பா கையெழுத்துப் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். "எங்க வேணா வந்து சொல்றேன்டா" என்கிறார். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள எந்த ஆபீஸுக்குக் கூட்டிப் போவது? அதை மட்டுமாவது யாராவது சொல்லுங்களேன்.