பாய்காட் என்றால் சும்மாவா?

படம் பிடிக்கவில்லையா, ‘பாய்காட்’. விளம்பரம் பிடிக்கவில்லையா, அதற்கும் ‘பாய்காட்’. ஆங்கில ஆசிரியையாக இருந்த எனக்கு இந்த மலிவு உறுத்துகிறது.

அந்த வினைச்சொல் ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்தின் மாயோ வட்டாரத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களைக் கவனித்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880-இல், குத்தகையைக் குறைக்கக் கேட்ட குடியானவர்களை வெளியேற்ற முனைந்தார். ஊரே அவரை ஒதுக்கியது. வேலையாட்கள் வயலில் இறங்கவில்லை. கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. ராணுவக் காவலோடு வெளியாட்களை வரவழைத்துத்தான் அறுவடை நடந்தது. அந்த டிசம்பரிலேயே அவர் அயர்லாந்தை விட்டுக் கிளம்பினார்.

அந்தக் குடியானவர்கள் பணயம் வைத்தது குடியிருந்த வீட்டையும் உழுத நிலத்தையும். டிக்கெட் வாங்காமல் இருப்பதற்கு ‘பிடிக்கவில்லை’ என்று சொன்னாலே போதும். எதையாவது இழக்கத் துணிந்தவர்கள் ‘பாய்காட்’ என்று சொல்லட்டும்.